நிலாக் கணக்கில் பத்து நாள்

யம்னா ரஹ்மூனி, 1958–2021.

மொராக்கோவின் மேற்குக் கரையில், சாஃபி துறைமுகத்துக்கு மேலேயுள்ள மேட்டுத் தெருவில் பிறந்தாள், அதே தெருவில் நான்கு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டாள், அங்கேயே இறந்தாள். மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் பதினாறாம் வயதில் சேர்ந்தவள், நாற்பத்தோர் ஆண்டுகள் மத்தியின் தலையைக் கிள்ளிக் குடலை உருவினாள். அதுதான் அவளுடைய தொழில்.

அந்தத் தொழிலுக்கு நேரம் காலம் கிடையாது. படகுகள் எப்போது கரை சேரும் என்று யாராலும் சொல்ல இயலாது. சேர்ந்ததும் ஆலைச் சங்கு ஊதும். ஒவ்வோர் ஆலைச் சங்குக்கும் தனிச் சத்தம் உண்டு. யம்னாவின் ஆலைக்கு இரண்டு குறில், ஒரு நெடில். அரை மணிக்குள் வாசலில் வந்து நிற்காதவளுக்கு அன்று வேலை இல்லை. ஆகையால் மாவில் கை வைத்திருந்தால் மாவோடும், தலையில் மருதாணி அப்பியிருந்தால் மருதாணியோடும் ஓட வேண்டும். யம்னாவின் செருப்புகள் எந்நேரமும் வாசலைப் பார்த்தே கிடந்தன. உட்கார்ந்தால் அவளுடைய வலது முழங்கால் ஆடிக்கொண்டேயிருக்கும். "அண்ணி உக்காந்தா தரைக்கே குளிர்க்காய்ச்சல் வந்துடும்" என்பாள் நாத்தனார் தாமூ.

கணவன் அல்லால் இதற்கு நேர் எதிரானவன். துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலையில் வேலை பார்த்தான். பேச்சிலும் நடையிலும் அவசரம் என்பதே இல்லாதவன். மார்க்க விஷயத்தில் மட்டும் மனம் அமைதி கொள்ளாது. தொழுகைக்கு முன் கைகால் கழுவிவிட்டு வந்தால், முழங்கையில் ஊசிமுனை அளவு இடம் நனையாமல் விட்டுப்போயிற்றோ என்ற ஐயம் எழும். மீண்டும் போய் முதலிலிருந்து கழுவுவான். 'அநேகமாக', 'இருக்கலாம்' என்ற சொற்களை அவன் நம்பியதில்லை.

1981இல் திருமணம் நடந்தது. பிள்ளை இல்லை. 1997இல், அல்லாலின் தங்கை தாமூ தன் மூன்றாம் மகனை நாற்பதாம் நாளன்று தூக்கி வந்து யம்னாவின் மடியில் வைத்தாள். "எனக்கு ரெண்டு போதும். இது அண்ணனுக்கு" என்றாள். பிள்ளையில்லாத உடன்பிறப்புக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது அவ்வூரில் வழக்கம்தான். யம்னா ஐந்து நாள் வைத்துப் பார்த்தாள். தாமூ காலையிலும் மாலையிலும் பால் கொடுக்க வந்தாள். வந்தவள் எளிதில் போக மாட்டாள். ஆறாம் நாள் யம்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாமூவின் வீட்டுக்குப் போனாள்.

"இவன் உன் பிள்ளைதான் தாமூ. என் வீட்டுல இருந்தாலும் உன் வாசலத்தான் பார்ப்பான். என்னால ஒரு அடி அடிக்கவும் முடியாது, வாரி அணைக்கவும் முடியாது."

தாமூ பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அந்தச் சொல்லை மன்னிக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பெருநாள் விருந்திலும், யம்னாவின் தட்டில் இறைச்சித் துண்டை வைக்கும்போது, "எங்க வீட்டுது உனக்குக் கசக்குமே அண்ணி, பரவாயில்லையா?" என்று கேட்பதை அவள் தவறவிட்டதில்லை.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 10, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. யம்னா போய்ச் சேர்ந்தபோது ஆலை வாசலில் பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். காவலாளியின் கணப்புச் சட்டிக்கு அருகே ஒரு மீன் பெட்டி. அதற்குள் துவாலையில் சுற்றிய குழந்தை. அழவில்லை, அத்தனை முகங்களையும் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"யாரும் தொடாதீங்க" என்றாள் ஒருத்தி. "தொட்டவ போலீசுக்குப் போகணும். போனா இன்னிக்கு வேலை போச்சு."

"பாவம், யாராவது எடுங்களேன்."

"நீ எடேன், பாவம்னு சொன்ன வாய்தானே?"

ஆலைக்கதவு மூடப் போகிறது என்று மேஸ்திரி கத்தினான். பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். யம்னா குனிந்து குழந்தையை எடுத்தாள். கைக்குழந்தையைத் தூக்கிப் பழகாதவள். மற்றவர்கள் செய்வதைப் பார்த்திருந்ததால் ஒரு கையைத் தலைக்கு அடியில் கொடுத்தாள். காவல் நிலையம் வரை ஒன்றரை மைல் அப்படியே நடந்தாள். இருபத்தொன்பது ஆண்டுகளில் அன்றுதான் சங்கு ஊதியும் அவள் வேலைக்குப் போகவில்லை.

மருத்துவர் குழந்தையை நிறுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், "சுமார் மூன்று மாதம்" என்று எழுதினார். எழுத்தர் அன்றைய தேதியிலிருந்து மூன்று மாதத்தைப் பின்னோக்கிக் கழித்தார். பிறந்த நாள் 2003 ஜனவரி 10 ஆயிற்று. ஷாமா என்று ஒரு பெயரும், ஊரில் எவருக்கும் இல்லாத ஒரு குடும்பப் பெயரும் பதிவேட்டில் ஏறின. குழந்தை, கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் போயிற்று.

யம்னா வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போகத் தொடங்கினாள். முதலில், அன்று குழந்தைமேல் போர்த்திவிட்ட தன் துவாலையைத் திருப்பிக் கேட்கும் சாக்கு. பிறகு சாக்கு எதுவும் தேவைப்படவில்லை. இல்லத்துத் தாதி ஸுஹூர் அவளைக் கண்டதும் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். "யம்னா அக்கா, உன் மேல வர்ற மத்தி வாசத்துக்கு என் பிள்ளைங்க எல்லாம் பூனைக்குட்டியா மாறிடும்போல." ஷாமா அந்த வாசத்தை அறிந்திருந்தாள். கதவு திறக்கும்போதே தலையைத் திருப்புவாள். யம்னா அரை மணி நேரம் அவளை மடியில் வைத்திருப்பாள், முழங்கால் ஆடும், அந்த ஆட்டத்தில் குழந்தை உறங்கிவிடும். வேறு எவருக்கும் பயன்படாத அந்த ஆட்டம் அவளுக்குத் தாலாட்டாயிற்று.

ஓராண்டு கழிந்தது. உரிமை கோரி எவரும் வராததால், கைவிடப்பட்ட பிள்ளை என்று நீதிமன்றம் அறிவித்தது. அத்தகைய பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. வாரிசாகாது, பெயர் மாறாது. ஆனால் வீடு உண்டு. 2004 மே மாதத்தில் ஒரு மாலை, தேநீரை ஊற்றிக்கொண்டே, ஷாமாவை எடுத்து வளர்ப்போமா என்று யம்னா கேட்டாள். அல்லால் குவளையை எடுக்கவில்லை.

"நானும் அவளப் பார்த்தேனே, போன வெள்ளிக்கிழமை. என் விரலப் பிடிச்சிக்கிட்டு விடல."

"அப்ப சரிதானே?"

"எப்படிச் சரி? இப்ப விரலப் பிடிக்கிறா. பன்னெண்டு வருஷம் கழிச்சு? ரத்தத்துல எனக்கு அவ யாரு? அந்நியப் பொண்ணு. சொந்த வீட்டுலயே என் முன்னாடி முக்காடு போட்டுக்கிட்டு நிக்கணும். நீ சங்குச் சத்தம் கேட்டு ஓடிடுவ. ஒரே கூரைக்குக் கீழ அவகூட நான் தனியா உக்காந்து ரொட்டி திங்கக் கூடாது. அப்பான்னு கூப்பிடவெச்சுட்டு, வயசுக்கு வந்ததும் 'நீ எனக்கு யாரோ'ன்னு சொல்லணுமா? அதுக்கு நான் வரல, யம்னா."

"ஊருல வளக்கிறவங்க எல்லாம் என்ன பண்றாங்களாம்?"

"மத்தவங்க கணக்கு எனக்கு வேண்டாம்." பிறகு மெல்லச் சொன்னான்: "ஒரு வழி இருக்கு. தாமூவுக்கு ஆகஸ்டுல பிரசவம். அவ இந்தப் பொண்ணுக்கு ஒரு தடவ பால் குடுத்துட்டா, மார்க்கப்படி இவ அவளுக்கு மக, நான் தாய்மாமன். அப்புறம் என்னைக்கும் என் முன்னாடி முக்காடு தேவையில்ல. ஆனா ரெண்டு வயசு முடியிறதுக்குள்ள குடுக்கணும். முடிஞ்சுட்டா பால் வெறும் பால்தான்."

யம்னா சமையலறைக்குப் போனாள். ஆலையில் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி அங்கே தொங்கியது. 2005 ஜனவரி அதில் இல்லை. டிசம்பர்த் தாளின் அடி விளிம்பில் பென்சிலால் பத்துக் கட்டங்கள் போட்டு, பத்தாவதை வட்டமிட்டாள். அதற்குள் நீதிமன்றத் தாள் வர வேண்டும். அதற்குள் தாமூ இசைய வேண்டும்.

தாமூவுக்கு ஆகஸ்டில் ஐந்தாவது ஆண் பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் கழித்து யம்னா, ஊர் வழக்கப்படி சீராகச் சர்க்கரைக் கூம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். தாமூ பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுவே யம்னாவுக்கு அச்சமாக இருந்தது.

"ஓ" என்றாள் தாமூ கடைசியில். "எங்க வீட்டு ரத்தம் வேண்டாம். எங்க வீட்டுப் பால் மட்டும் இனிக்குதா?"

"ஏசணும்னா ஏசிக்கோ. நான் கேக்கத்தான் வந்தேன்."

"ஏசாம விடுவேனா? ஏழு வருஷமா சேத்து வெச்சிருக்கேன்." பிள்ளையை மறுபுறம் மாற்றினாள். "என் பால் என்ன தெருக்குழாய்த் தண்ணியா, வர்றவங்க எல்லாம் குடம் வைக்க? யோசிச்சுப் பாரு. நான் அவளுக்குக் குடுத்துட்டேன்னா என் அஞ்சு பயலுக்கும் அவ கூடப்பொறந்தவ. அப்புறம் கோர்ட்டு உனக்குக் குடுக்கல, வேற எவனுக்கோ குடுத்துட்டான்னு வை. அவ எந்த ஊருல வளருவாளோ. இருபது வருஷம் கழிச்சு என் பயல்ல ஒருத்தன் மராகேஷ்ல இருந்து ஒருத்தியக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். அவ இவளா இருந்தா? யாரு பாவம் அது?"

யம்னா இதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

"தாளக் கையில வாங்கிட்டு வா. பிள்ளையத் தூக்கிட்டு என் வாசல்ல வந்து நில்லு. அப்ப சொல்றேன், தருவேனா மாட்டேனான்னு."

தாள் வரவில்லை. அக்டோபர் நடுவில் நோன்பு தொடங்கியது. அலுவலகங்கள் பாதி நாள்தான் இயங்கின. விசாரணைக் குழு நோன்பின் இரண்டாம் வாரத்தில் வந்தது. ஆளுநர் அலுவலகத்துக்காரர் ஒருவர், மார்க்க அமைச்சகத்துக்காரர் ஒருவர், சமூக நல அலுவலர் ஒருத்தி. மூவரும் வரவேற்பறையில் அமர்ந்து, படுக்கை எத்தனை, கழிப்பறை எங்கே, கோபம் வருமா என்று வரிசையாகக் கேட்டார்கள். அல்லால் நிறுத்தி நிறுத்தி விடை சொன்னான். நான்காம் கேள்வியின்போது கீழே துறைமுகத்தில் சங்கு ஊதியது. இரண்டு குறில், ஒரு நெடில்.

யம்னாவின் இடுப்பு தானாக எழுந்தது. அதைப் பிடித்து அழுத்துவதுபோலக் கைகளால் மெத்தையைப் பற்றிக்கொண்டாள். முழங்கால் நிற்கவில்லை, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன.

"ஏம்மா, உடம்புக்கு ஆகலையா?" என்று அமைச்சகத்துக்காரர் கேட்டார்.

"இல்லைங்க ஐயா. மத்தி வந்திருக்கு."

அலுவலர் சிரித்துவிட்டாள். "போகணும்னா போங்க."

"போகல. கேளுங்க. நாள் முழுக்கக் கேளுங்க, உக்காந்திருக்கேன்."

அந்த அரை மணி நேரம்தான் தன் வாழ்நாளிலேயே நீண்டது என்று அவள் பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் போயிற்று. டிசம்பரில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தை அடித்தாள். வாரம் இருமுறை நீதிமன்றத்துக்குப் போய் நின்றாள். "கையெழுத்துக்குப் போயிருக்கு" என்றார் எழுத்தர். அடுத்த முறை "கையெழுத்திலிருந்து வரணும்" என்றார். டிசம்பர் 27, திங்கட்கிழமை தாள் வந்தது. 29, புதன்கிழமை பகல், ஸுஹூர் ஷாமாவின் இரண்டு சட்டைகளையும் காலை மாலை பால் குடிக்கும் புட்டியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "அழமாட்டா. உன் வாசம் அவளுக்குச் சொந்த வீடு" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள். யம்னாவின் கணக்கில் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆயினும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தாமூவின் வாசலுக்குப் போனாள்.

அல்லால் சாட்சிக்காகப் பள்ளிவாசல் ஆலிம் பூஷயிபை அழைத்து வந்திருந்தான். தாமூ கைக்குழந்தையோடு உள்ளறையில் இருந்தாள்; இடையில் ஒரு திரை.

"பிறந்த தேதி என்ன?" என்று ஆலிம் கேட்டார்.

யம்னா தாளை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து சிறிய பஞ்சாங்கத்தை எடுத்தார். விரல்விட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"யாரு கணக்குப் போட்டது?"

"நான்தான். ஜனவரி பத்துக்கு ரெண்டு வருஷம். இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கு."

"அது சம்பளக் கணக்கும்மா. பாலுக்கு நிலாக் கணக்கு. நிலா வருஷத்துக்குப் பதினோரு நாள் குறைவு. ரெண்டு வருஷத்துக்கு இருபத்தி ரெண்டு. இவளுக்கு ரெண்டு வயசு முடிஞ்சு பத்து நாளாச்சு."

நோன்புக்கு நிலாவையும் கூலிக்குச் சூரியனையும் பிறந்தது முதல் பார்த்து வந்தவள் யம்னா. இரண்டில் எது எதற்கு என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சமையலறையில் தொங்கிய தாளை நம்பி ஏழு மாதம் தவறாக எண்ணியிருக்கிறாள். அல்லாலோ அந்தத் தாளை ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் எண்ணிக்கொள்வாள் என்று விட்டிருந்தான்.

"பதறாதீங்க" என்றார் ஆலிம். "பிள்ளை இன்னும் பாலை மறக்கலேன்னா, மேல ஒரு மாசம், ரெண்டு மாசம் செல்லும்னு சொன்ன பெரியவங்க இருக்காங்க."

"சொல்லாதவங்களும் இருக்காங்கதானே?" என்றான் அல்லால்.

"இருக்காங்க."

அல்லால் தரையைப் பார்த்தான். "யாரோ சொன்னாங்கன்னு என் வீட்ட நிறுத்த என்னால முடியாது. அவ குனிஞ்சு எனக்குச் சோறு வைக்கிற ஒவ்வொரு தடவையும் இது ஆகுமா ஆகாதான்னு நெனப்பேன்." அவன் பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. "யம்னா, நாளைக்கே கொண்டுபோய் விட்டுடுவோம். பழகறதுக்கு முன்னாடி."

"பழகறதுக்கு முன்னாடியா? ஒன்னே முக்கால் வருஷமாச்சு!"

ஷாமா யம்னாவின் தோளில் கன்னத்தை வைத்துத் திரையின் கரையைக் கடித்துக்கொண்டிருந்தாள். யம்னா நின்ற இடத்தில் நிற்காமல் இரண்டடி இங்கும் இரண்டடி அங்கும் நடந்தாள். திடீரென்று நின்றாள்.

"அந்தத் தேதியே டாக்டர் குத்துமதிப்பாப் போட்டதுதானே? மூணு மாசம்னு எடையப் பார்த்துச் சொன்னாரு. தூக்கினது நானு. அன்னிக்கு இவளுக்குக் கழுத்து நிக்கல. போலீசு வரைக்கும் தலைக்குக் கை குடுத்துத்தான் நடந்தேன். மூணு மாசத்துல கழுத்து நிக்குமே! இவ அதுக்கும் சின்னவளா இருந்திருக்கா. ஒரு மாசம்கூடக் கம்மியா இருக்கும்."

ஆலிம் தாடியைத் தடவினார். "கண்ணால பார்த்த பெண் சாட்சி சொன்னா இந்த மாதிரி விஷயத்துல எடுத்துக்கலாம்."

அல்லால் நிமிர்ந்தான். அவனுடைய கண்களில் ஆசை தெரிந்தது. அதனாலேயே அவன் குரல் கடுமையாயிற்று. "கழுத்து நிக்கலையா, இல்ல, நீயா கை குடுத்தியா? ஆண்டவன் மேல சத்தியமாச் சொல்லு. அப்புறம் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

யம்னா வாயைத் திறந்தாள். ஒன்றரை மைல் தூரம், உள்ளங்கையில் இருந்த அந்தச் சிறு பாரம் நினைவுக்கு வந்தது. கை கொடுத்தது நினைவிருந்தது. கையை எடுத்திருந்தால் தலை சரிந்திருக்குமா என்பது தெரியவில்லை. கையை எடுத்துப் பார்க்கத் துணிந்ததே இல்லை. ஒரு சொல் போதும், பிள்ளை அவளுடையது.

"தெரியல" என்றாள்.

அப்போது திரை விலகியது. தாமூ கைக்குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு வந்து, யம்னாவின் தோளிலிருந்து ஷாமாவைப் பிடுங்குவதுபோல வாங்கினாள். பிள்ளையின் தலைமுடியை விலக்கி உச்சியில் கட்டைவிரலை வைத்தாள்.

"கழுத்தாம், பஞ்சாங்கமாம். அஞ்சு பெத்தவ ஒருத்தி இங்க இருக்கான்னு எவனுக்காவது நெனப்பிருக்கா? உச்சிக்குழி இன்னும் மூடல. பெருவிரல் உள்ள போகுது. இவளா ரெண்டு வயசு தாண்டினவ? ஒன்றரை இருந்தா அதிகம். என் பயலுக அத்தனை பேருக்கும் ஒன்றரைக்குள்ள மூடிடுச்சு."

"நிச்சயமாத் தெரியுமா தாமூ?" என்றான் அல்லால்.

"அண்ணா, நீ பனிக்கட்டிய எட போடு. பிள்ளைங்க தல என் தொழிலு."

பிள்ளையைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஷாமாவுக்கு முலை புதிது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாமூ ஒரு தேநீர்க் குவளையில் பாலைப் பீய்ச்சிக் கொண்டுவந்து பிள்ளையின் உதட்டில் வைத்தாள். வாய் வைத்தாலும் குவளையில் குடித்தாலும் வயிற்றில் இறங்கினால் ஒன்றுதான் என்றார் ஆலிம். நான்கு மடக்கு இறங்கும் சத்தத்தை எல்லாரும் கேட்டார்கள். யம்னாவின் காதில் அது சங்கைவிடப் பெரிதாக ஒலித்தது.

"ஏன் தாமூ?" என்று வாசலில் யம்னா கேட்டாள்.

"எங்க வீட்டுது வேணும்னு நீ என் வாசல்ல நடுங்கிக்கிட்டு நிக்கிற நாள விட்டுடுவேனா? சாகற வரைக்கும் சொல்லிக் காட்டலாமே!"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஷாமாவை அல்லால் தூக்கிவந்தான்.

மறுநாள் காலை, வெந்நீர் வைத்து யம்னா பிள்ளையின் தலையைக் கழுவினாள். சோப்பு நுரைக்குள் அவளுடைய விரல் உச்சியைத் தேடியது. கெட்டியாக இருந்தது. முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தாள். எங்கும் குழி இல்லை. முற்றின தேங்காயைப் போல எலும்பு.

அன்று முதல் அவளுடைய முழங்கால் ஆட வேறொரு காரணமும் கிடைத்தது.

அல்லால் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து அவள் கண்டதில்லை. ஆலையிலிருந்து வரும்போது துணியில் பனித்துண்டு கட்டிவந்து ஷாமாவின் வாயில் போடுவான். பள்ளிக்கு அனுப்பும்முன் பின்னல் போடக் கற்றுக்கொண்டான். பின்னல் எப்போதும் கோணலாகவே வரும். பதின்மூன்று வயதில், தெருவில் முக்காடு போட்ட ஷாமா, வாசற்படி தாண்டியதும் அதை உருவி ஆணியில் மாட்டிவிட்டு, விரித்த தலையோடு அவனருகில் அமர்ந்து தட்டில் கை வைப்பாள். இருவரும் சிரிக்கும்போதெல்லாம் யம்னா எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு வேலையும் இருக்காது. இந்தச் சிரிப்பு ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. ஊசிமுனை ஈரத்துக்கே மறுபடி கழுவுகிற மனிதனுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும்? சொல்லவும் முடியவில்லை; சொல்லாமல் உட்காரவும் முடியவில்லை. வேறோர் ஆலிமிடம் போய்க் கேட்கலாம். ஆகாது என்று சொல்லிவிட்டால் என்ற அச்சத்தில் அதுவும் செய்யவில்லை.

2017 கோடையில் அல்லால் ஆலையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். யம்னா அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே வேலையிலிருந்து நின்றிருந்தாள். தொழுகைக்காக அவனுடைய கட்டுப்போடாத காலில் ஷாமா நீர் ஊற்றினாள். "கணுக்காலுக்குக் கீழ ஒரு எடம் காஞ்சிருக்குப்பா, மறுபடி ஊத்தவா?" என்றாள். "போதும்மா, ஆண்டவன் பெரியவன்" என்றான் அவன். அந்தச் சொல்லை முப்பத்தாறு ஆண்டுகளில் யம்னா அவன் வாயிலிருந்து கேட்டதில்லை. ஐயத்தை அவனாலும் விட முடிகிறது என்றால் உண்மையைச் சொல்லிவிடலாமோ என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு தாமூவின் வீட்டுக்கு ஓடினாள்.

"தாமூ, அன்னிக்கு உச்சி மூடியிருந்துச்சு."

தாமூ பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "பன்னெண்டு வருஷம் எடுத்துச்சா இதச் சொல்ல?"

"உனக்குத் தெரியுமா?"

"என் பெருவிரலுக்குத் தெரியாதா? கல்லு மாதிரி இருந்துச்சு."

"அல்லாலுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

தாமூ ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "அவன் மறுநாளே வந்துட்டான் அண்ணி. வழியெல்லாம் தூக்கிட்டுப் போனவன் அவன்தானே? விரல வெச்சுப் பார்த்திருக்கான். 'தாமூ, உச்சி கெட்டியா இருக்கே'ன்னான். 'பால் போன உடனே மூடிருக்கும்'னேன். 'எத்தன மடக்கு குடிச்சா'ன்னு கேட்டான். 'நாலு'ன்னேன். 'ஆலிம் சொன்ன ரெண்டு மாசம் கணக்கும் இருக்குல்ல'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். சர்க்கரைக் கூம்பு ஒன்னு கொண்டுவந்திருந்தான், வெச்சுட்டுப் போயிட்டான். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னான்."

"ஏன்?"

"நீ சத்தியம் பண்ணாத பொம்பள. தெரிஞ்சா உனக்குத் தூக்கம் வராதுன்னான்."

யம்னா தரையில் உட்கார்ந்தாள். ஒரு கூடைப் பட்டாணியை இருவரும் உரித்து முடித்தார்கள். முழங்கால் ஆடுவது நின்றுவிடவில்லை. நாற்பதாண்டுப் பழக்கம் ஒரு பிற்பகலில் போவதில்லை. தாமூவும் சொல்லிக்காட்டுவதை விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியவள் அல்லாலிடம் எதையும் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. அன்று இரவு உணவில் தந்தையும் மகளும் எதற்கோ சிரித்தபோது அவள் எழுந்து போகவில்லை.

2020 இறுதியில் யம்னாவின் நுரையீரல் தளர்ந்தது. எழுந்து நடப்பது குறைந்த பின்னும் ஒரு வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை: வெள்ளிக்கிழமை காலையில் ஷாமாவுக்குத் தலையில் எண்ணெய் தேய்ப்பது. பதினெட்டு வயதுப் பெண் தரையில் அமர்ந்து முதுகைக் காட்டுவாள், யம்னாவின் கட்டைவிரல் உச்சியில் சற்று நேரம் நிற்கும், "அம்மா, அங்கேயே எவ்வளவு நேரம்?" என்று அவள் கேட்பாள். கடைசியாக அவ்வாறு எண்ணெய் தேய்த்தது 2021 மார்ச் 12.